பூச்சிக் குளிசை எந்தக் கதவைத் தட்டுகிறது?

வாசகர் கேள்வி – பதில்

ஒட்டுண்ணிகளின் அயன் கால்வாய்களை மருந்துக்கு இலக்காக்குவது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பூச்சிக் குளிசை கொடுக்கிறோமே, நீங்கள் எழுதிய "கால்வாய் மருந்து" அதுதானா? அயன் கால்வாய் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது?
– ஆசிரியை, ஹட்டன்

அதுவல்ல, டீச்சர். பாடசாலையில் கொடுப்பது மெபெண்டசோல் 500 மி.கி. அல்லது அல்பெண்டசோல் 400 மி.கி. இவை இரண்டும் புழுவின் கலத்துக்குள் இருக்கும் டியூபியுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்பவை. கலத்தின் உள் சாரம் கட்டப்படாமல் போய், குளுக்கோசை உறிஞ்ச முடியாமல் புழு சில நாட்களில் பட்டினியால் சாகும். "குளிசை போட்டோம், ஒன்றும் வெளியே வரவில்லை" என்று தாய்மார் வந்து சொல்வது இதனால்தான். செத்த புழு பாதி செரித்துத்தான் வெளியேறும்.

கால்வாய் மருந்துகளின் வேலை வேறு விதம். பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள். மரக்கறித் தோட்டத்து வாய்க்காலில் பலகை போட்டுத் தண்ணீரை மறிப்போம், பாத்திக்கு வேண்டியபோது பலகையைத் தூக்குவோம். கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வு கொழுப்பாலானது. சோடியம், பொற்றாசியம், கல்சியம், குளோரைட்டு அயன்கள் கொழுப்பைக் கடக்கமாட்டா. அவை போய்வர மென்சவ்வில் புரதத்தாலான துளைகள் உண்டு. அந்தப் புரதத்திலேயே பலகையும் இருக்கிறது. சில பலகைகள் ஒரு வேதிப்பொருள் வந்து தொட்டால் தூக்கும், சில மின்னழுத்தம் மாறினால் தூக்கும். நரம்பும் தசையும் வேலை செய்வது இந்தத் திறப்பிலும் மூடலிலும்தான். புழுவின் பலகையை நமக்கு வேண்டிய நேரத்தில் தூக்கிவிட்டாலோ, மூடவிடாமல் பிடித்துவைத்தாலோ புழுவுக்கு அசைவு நின்றுவிடும்.

பைரண்டெலும் லெவாமிசோலும் புழுத் தசையில் அசற்றைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளுக்குத் திறக்கும் கால்வாயைத் திறந்தே வைக்கின்றன. தசை இறுகி அப்படியே நின்றுவிடும். பைப்பரசீன் இதற்கு நேரெதிர், அது காபா என்ற பொருளுக்குரிய குளோரைட்டுக் கால்வாயைத் திறப்பதால் தசை துவண்டுபோகிறது. ஐவர்மெக்டின் திறப்பது குளூட்டமேற்றுக்குரிய குளோரைட்டுக் கால்வாயை. புழுவின் தொண்டைத் தசையும் நின்றுவிடுவதால் அதனால் இரை விழுங்க முடியாது. இந்தக் கடைசிக் கால்வாய் மனித உடம்பில் கிடையவே கிடையாது. மருந்து தேடுபவர்களுக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் வேண்டியதில்லை. ஆனால் அந்த அதிர்ஷ்டம் தெரியவந்தது காலம் கடந்துதான். ஐவர்மெக்டின் 1987இலேயே மனிதருக்கு அங்கீகாரம் பெற்றுவிட்டது. அதன் இலக்கான கால்வாயின் மரபணுவைப் பிரித்தெடுத்தது 1994இல், அதன் முப்பரிமாண வடிவம் வெளியானது 2011இல்.

நாடாப்புழுவுக்குக் கொடுக்கும் பிராசிகுவான்டெலின் கதை இன்னும் வேடிக்கை. நாற்பது வருடப் பாவனைக்குப் பிறகு, 2019இல்தான் அது திறக்கும் கல்சியக் கால்வாய் அடையாளம் காணப்பட்டது. மாட்டின் ஈரல் தட்டைப்புழுவுக்கு இதே மருந்து ஏன் வேலை செய்வதில்லை என்பதும் அதன் பின்னர் விளங்கியது. அதே கால்வாய் அந்தப் புழுவிலும் இருக்கிறது, ஆனால் மருந்து உட்காரும் குழியில் ஒரேயொரு அமினோ அமிலம் வேறு.

வீட்டில் பழைய பூச்சிப் பாணி பாதிப் போத்தல் இருக்கிறது. பாமசியில் பைரண்டெல் தந்தார்கள். பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கெதியாகப் பூச்சி விழுமா?
– தாய், மஸ்கெலியா

சேர்க்க வேண்டாம் அம்மா. அந்தப் பாணி பைப்பரசீனாக இருந்தால் (லேபலைப் பாருங்கள்) ஒன்று தசையை இறுக்கும், மற்றது தளர்த்தும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துப் புழு தப்பித்துக்கொள்ளும். பழைய போத்தலைக் கொட்டிவிடுங்கள்.

பைரண்டெல் மட்டும் போதும். அளவு உடல் எடைக்கு: ஒரு கிலோவுக்கு 10 மி.கி., ஒரே தடவை. 20 கிலோ பிள்ளைக்கு 200 மி.கி. பாணியாக இருந்தால் போத்தலை நன்றாகக் குலுக்கிய பிறகே ஊற்ற வேண்டும். மருந்து அடியில் படிந்துவிடும், குலுக்காமல் கொடுத்தால் முதற் பிள்ளைக்குத் தண்ணீர்தான் போகும், கடைசிப் பிள்ளைக்கு இரண்டு பங்கு. குடலில் இருந்து இரத்தத்துக்கு மிகக் குறைவாகவே ஏறுவதால் இது பாதுகாப்பான மருந்து. வட்டப்புழு, கொக்கிப்புழு, கீரைப்பூச்சிக்குக் கேட்கும், சாட்டைப்புழுவுக்குக் கேட்காது. கீரைப்பூச்சி என்றால் இரண்டு கிழமை கழித்து மறுபடி ஒரு தடவை, வீட்டில் எல்லோருக்கும்.

வயிறு உப்பி, வாந்தியும் சுருட்டிப் பிடிக்கும் வலியும் இருக்கும் பிள்ளைக்கு எந்தப் பூச்சி மருந்தும் வீட்டில் கொடுக்காதீர்கள். வட்டப்புழுக்கள் பந்தாகத் திரண்டு குடலை அடைத்திருக்கலாம். இறுகிய புழுவால் அடைப்பு இன்னும் மோசமாகும். நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.

வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களுக்கு வயிற்றில் பூச்சி தங்காது என்று பெரியவர்கள் சொல்வது உண்மையா?
– வாசகர், பதுளை

கொஞ்சம் உண்மை உண்டு, அந்தக் கொஞ்சத்தை நம்பி இறங்க முடியாது. பாக்கில் உள்ள அரிக்கோலின் அசற்றைல்கோலின் வாங்கிகளைத் தூண்டும் பொருள். ஒரு காலத்தில் நாய்களின் நாடாப்புழுவுக்கு அதன் உப்பை மிருக வைத்தியர்கள் கொடுத்தார்கள். ஆனால் அது நாயின் குடலையும் சேர்த்தே முறுக்கிப் பேதியாக்கியது. புழுவுக்கும் உடலுக்கும் வித்தியாசம் பார்க்காத மருந்து இது, அதனாலேயே கைவிடப்பட்டது. வாயில் மெல்லும் பாக்கிலிருந்து குடல் புழுவைத் தளர்த்தும் அளவு சேராது. வாய்ப்புற்றுநோய்க்குத் தேவையான அளவு மட்டும் தாராளமாகச் சேரும்.

லயத்தில் சிரங்கு போவதே இல்லை. பேர்மெத்ரின் கிறீம் பூசுகிறோம், ஒரு மாதத்தில் திரும்ப வருகிறது. மருந்துக்குப் பூச்சி பழகிவிட்டதா?
– வாசகி, இராகலை. இதையே நானுஓயாவிலிருந்தும் இருவர்

பழகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் பூசும் முறையைப் பார்ப்போம். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

சிரங்கை உண்டாக்குவது தோலுக்குள் குடையும் சிற்றுண்ணி. பேர்மெத்ரின் அதன் நரம்பிலுள்ள சோடியம் கால்வாயை மூடவிடாமல் பிடித்துவைக்கும். நரம்பு ஓயாமல் துடித்துக் கடைசியில் செயலிழக்கும். நம் நரம்பிலும் சோடியம் கால்வாய் உண்டு. ஆனால் பேர்மெத்ரினுக்கு அது அவ்வளவாக இசைவதில்லை, தோல் வழியே உள்ளே போவதும் சொற்பம், போனதையும் ஈரல் உடைத்துவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தத் திறமை குறைவு. கிறீம் பூசிய இரவில் பூனையை மடியில் வைக்க வேண்டாம், வலிப்பு வந்து செத்தும் போகலாம்.

இனி முறை. 5 சதவீதக் கிறீம், பெரியவருக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 30 கிராம். கடையில் கிடைக்கும் 30 கிராம் டியூப் ஒன்றை நாலு பேர் பங்கிட்டால் ஒருவருக்கும் போதாது, வீட்டில் கெடுவது முதலில் இதுதான். குளித்து உடம்பு நன்றாகக் காய்ந்த பிறகு, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூசவேண்டும். சொறிகிற இடத்தில் மட்டும் தொட்டு வைப்பதால் பயன் இல்லை. விரலிடுக்கு, நகத்தடி, கொப்பூழ், அக்குள், தொடையிடுக்கு விடுபடக்கூடாது. கைக்குழந்தைக்குத் தலையும் முகமும் சேரும், இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் வைத்தியரைக் கேட்டே பூசுங்கள். 8 முதல் 14 மணி நேரம் உடம்பில் இருக்கவேண்டும். இரவு எட்டு மணிக்குப் பூசிக் காலை ஆறு மணிக்குக் கழுவிவிட்டுக் கொழுந்து எடுக்கப் போனால் கணக்குச் சரி. இடையில் சட்டி கழுவிக் கை நனைந்தால் கைக்கு மறுபடி பூச வேண்டும். ஏழாம் நாள் முழுவதையும் இன்னொரு தடவை.

அறையில் படுக்கும் எல்லோரும், சொறி இல்லாதவர்களும், ஒரே இரவில் பூச வேண்டும். முதன்முறை சிரங்கு பிடித்தவருக்கு 4 முதல் 6 கிழமை வரை சொறியே வராது. அந்த நாட்களில் அவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். ஒரு மாதத்தில் "திரும்ப வந்த" சிரங்கு பலவும் இப்படி வந்ததாக இருக்கலாம்.

துணி, கம்பளி, தலையணை உறை: கொதிநீரில் துவைத்து வெயிலில் போடலாம். வெயிலே இல்லாத பனிமூட்ட மாதங்களில் பொலித்தீன் பையில் கட்டி வைக்கலாம். சூடான ஊர்களுக்கு மூன்று நாள் போதும் என்பார்கள். சிற்றுண்ணி உடம்புக்கு வெளியே குளிரிலும் ஈரத்திலும் நெடுநாள் தாங்கும், ஆகவே நுவரெலியாப் பக்கத்தில் பையை ஒரு கிழமைக்குமேல் அவிழ்க்காமல் வைப்பது நல்லது.

கடைசியாக ஒன்று: மருந்து சரியாக வேலை செய்த பிறகும் 2 முதல் 4 கிழமை சொறி இருக்கும். தோலுக்குள் செத்த உண்ணிக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு அது. தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். இவ்வளவும் சரியாகச் செய்தும் புதுத் தடிப்புகள் வந்தால் வைத்தியர் ஐவர்மெக்டின் குளிசைக்கு மாறுவார்: கிலோவுக்கு 200 மைக்றோகிராம், சாப்பாட்டோடு, ஒரு கிழமை முதல் இரண்டு கிழமை இடைவெளியில் இரண்டு தடவை. முட்டையை அது கொல்லாததால்தான் இரண்டாம் தடவை. கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுப்பதில்லை.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தில் மிச்சம் இருக்கிறது. நாய்க்கும் போடலாமா?
– வாசகர், தலவாக்கலை

வேண்டாம். ஐவர்மெக்டின் நாயின் மூளைக்குள் போகாமல் தடுப்பது மூளையின் வாசலில் இருக்கும் ஒரு வெளியேற்றிப் புரதம். கொலி போன்ற சில இனங்களிலும் அவற்றின் கலப்புகளிலும் அந்தப் புரதத்தின் மரபணு பழுதாகியிருக்கும். மருந்து உள்ளே போனால் மூளையின் காபாக் கால்வாய்களையே திறந்துவிடும். எந்த நாயில் எந்தக் கலப்பு என்று லயத்தில் யார் கண்டது? தவிர, மாட்டு ஊசியின் செறிவுக்கு நாயின் அளவு ஒரு துளியிலும் குறைவாகவே வரும்.

ஆட்டுக்கு லெவாமிசோல் கொடுத்தும் மெலிந்துகொண்டே போகிறது, கண் வெளிறித் தாடை வீங்கியிருக்கிறது. கூட்டிக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.
– ஆடு வளர்ப்பவர், வெலிமடை

நீங்கள் சொல்வது இரத்தம் குடிக்கும் இரைப்பைப் புழுவின் அடையாளங்கள். பயமும் நியாயமானது. லெவாமிசோல் திறக்கும் கால்வாய்க்கு உறவுக் கால்வாய்கள் ஆட்டின் உடம்பிலும் உண்டு. அளவு மிஞ்சினால் எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும், மூச்சு நிற்கவும் கூடும். அதற்காகக் குறைத்துக் கொடுத்தால் பலவீனமான புழு மட்டும் சாகும், தாங்கக்கூடியது பெருகும். ஆக, ஊகத்தை விட்டு எடையைக் கண்டுபிடியுங்கள்.

தராசு இல்லையா? தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளத்தையும் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் இறாத்தல் வரும். 28 அங்குலச் சுற்றளவும் 24 அங்குல நீளமும் என்றால் ஏறக்குறைய 63 இறாத்தல், அதாவது 28.5 கிலோ. செம்மறிக்குக் கிலோவுக்கு 7.5 மி.கி. என்ற அளவை வெள்ளாட்டுக்கு அப்படியே எடுக்கக்கூடாது. வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடுவதால் கிலோவுக்கு 12 மி.கி. வாய்வழியே கொடுப்பது வழக்கம். உங்கள் ஆட்டுக்கு 342 மி.கி. மருந்து 3 சதவீதம் என்றால் ஒரு மில்லிலீற்றரில் 30 மி.கி., அப்போது 11.4 மில்லிலீற்றர். போத்தலில் 1.5 சதவீதம் என்றிருந்தால் இரட்டிப்பு. செறிவைப் பார்க்காமல் போன முறை போட்ட மூடிக் கணக்கில் ஊற்றுவதுதான் வழமையான தவறு. சினையாடு, நோஞ்சான் குட்டி என்றால் மிருக வைத்தியரைக் கேளாமல் தொடாதீர்கள்.

சரியான அளவு கொடுத்தும் கேட்கவில்லையா என்று பார்க்கும் வழி முட்டை எண்ணுவது. மருந்து கொடுக்கும் நாளிலும் ஏழாம் நாளிலும் அதே ஆடுகளின் புதுப் புழுக்கையை மிருக வைத்தியசாலையில் கொடுங்கள். அங்கே 4 கிராம் புழுக்கையை 56 மில்லிலீற்றர் செறிந்த உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்டி, மக்மாஸ்டர் தட்டின் இரு அறைகளிலும் மிதக்கும் முட்டைகளை எண்ணி 50ஆல் பெருக்குவார்கள். அதுதான் ஒரு கிராமுக்குரிய எண்ணிக்கை. 1200 இருந்தது 180 ஆனால் 85 சதவீதக் குறைவு. 95க்குக் கீழே என்றால் எதிர்ப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஓர் ஆட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, பத்துக்குக் குறையாமல் எடுத்துச் சராசரி பாருங்கள். எதிர்ப்புள்ள புழுவில் பெரும்பாலும் மாறியிருப்பது கால்வாயே. அது ஐந்து துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து ஆனது. ஏசிஆர்-8 என்ற துண்டு கெட்டால் மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. அப்போது அளவைக் கூட்டுவதால் ஆட்டுக்குத்தான் ஆபத்து, வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும்.

புழுவின் கால்வாயைத் தவளை முட்டைக்கலத்தில் வைத்து ஆராய்கிறார்கள் என்று எழுதினீர்கள். செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?
– மாணவர், பேராதனை

தென்னாபிரிக்க நகத் தவளையின் முட்டைக்கலம் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதல், கண்ணுக்கே தெரியும். புழுவின் மரபணுவிலிருந்து செய்த ஆர்.என்.ஏ.யை 50 நனோலீற்றர் அளவில் உள்ளே செலுத்தி, 18 பாகை செல்சியசில் 2 முதல் 5 நாள் வைத்தால் முட்டைக்கலம் புழுவின் கால்வாயைத் தன் மென்சவ்வில் நட்டுவைக்கும். கரைசலில் சோடியம் குளோரைட்டு 96, பொற்றாசியம் குளோரைட்டு 2, கல்சியம் குளோரைட்டு 1.8, மக்னீசியம் குளோரைட்டு 1, ஹெப்பெஸ் 5 மில்லிமோலர். பி.எச். 7.5. இரண்டு மின்வாய்களைக் குத்தி, மென்சவ்வின் மின்னழுத்தத்தை மறை 60 மில்லிவோல்ற்றில் பிடித்துவைத்து, மருந்தை ஓடவிட்டு மின்னோட்டத்தை அளக்க வேண்டும்.

படிக்கையில் சுகமாக இருக்கும், மேசையில்தான் சிக்கல். லெவாமிசோல் கால்வாயின் ஐந்து துண்டுகளை மட்டும் செலுத்தினால் ஒரு ஓட்டமும் வராது. றிக்-3, அன்க்-50, அன்க்-74 என்ற மூன்று உதவிப் புரதங்களும் சேர்ந்தால்தான் கால்வாய் பொருந்தி மேலே வரும் என்று 2008இல் காட்டப்பட்டது. அதற்கு முன் எத்தனை பேர் வெறும் நேர்கோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்! அடுத்த சிக்கல் முட்டைக்கலத்தின் சொந்தக் குளோரைட்டுக் கால்வாய். புழுக் கால்வாய் வழியே கல்சியம் நுழைந்தால் அது திறந்து, மருந்தின் விளைவைப் பெரிதாக்கிக் காட்டும். கரைசலில் கல்சியத்துக்குப் பதில் பேரியம் போடுங்கள், அல்லது கல்சியத்தைப் பிடிக்கும் பப்ராவை உள்ளே செலுத்துங்கள். ஐவர்மெக்டின் இன்னொரு தலைவலி. அது குழாயிலும் பிளாஸ்ரிக்கிலும் ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் கால்வாயைவிட்டு இறங்காது. ஒரு முட்டைக்கலத்துக்கு ஒரு தடவை மட்டும், குழாயையும் அதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய பரிசோதனையின் மிச்சத்தை "கட்டுப்பாட்டில் ஓட்டம்" என்று பதிந்துவிடாதீர்கள்.

தவளை இல்லாத ஆய்வுகூடத்தில் தொடங்க வேண்டுமென்றால், 20 பாகையில் ஏகார்த் தட்டில் பற்றீரியா தின்று வாழும் ஒரு மில்லிமீற்றர் நீள மண் உருளைப்புழு (சி. எலிகன்ஸ்) போதும். மூன்றரை நாளில் ஒரு தலைமுறை. லெவாமிசோல் பட்டதும் இறுகிப்போவதை ஒளி நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம்.

இத்தனை கால்வாய்கள் தெரிந்தும் புது மருந்து ஏன் அரிதாகவே வருகிறது? தேயிலைக்கும் ஏதோ தொடர்பு என்று எழுதினீர்களே?
– ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், அப்புத்தளை

முதற் காரணம் நம் இதயம். இதயத் துடிப்பின் ஒவ்வொரு சுற்றையும் முடித்துவைப்பது ஒரு பொற்றாசியக் கால்வாய். அதன் உட்குழி அகலமானது, கண்ட மருந்தும் போய் உட்காரும். மலேரியாவுக்கு வந்த ஹலோபான்றின் என்ற மருந்து அப்படி உட்கார்ந்து துடிப்பைக் குழப்பியதால் ஒதுக்கப்பட்டது. இன்று எந்தப் புது மருந்தும் அந்தக் கால்வாயைத் தொடுகிறதா என்று முதலில் பார்க்கிறார்கள், பல அங்கேயே நின்றுவிடும். மலேரியா ஒட்டுண்ணியின் சோடியத்தை வெளியே தள்ளும் பம்பியை நிறுத்தி அதை உப்பால் வீங்கவைக்கும் சிபர்கமின் என்ற மருந்து மனிதப் பரிசோதனையில் இருக்கிறது. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடு என்று சான்று பெற்றுவிட்டது. ஆனாலும் வெளிநாடு போய்வருபவர்களோடு நோய் வந்துகொண்டுதான் இருக்கிறது.

தேயிலைத் தொடர்பு எமோடெப்சைட் என்ற மருந்தில். யப்பானில் கமேலியா யப்போனிக்கா என்ற பூமரத்தின் இலையில் வாழும் பூஞ்சணம் ஒன்றிலிருந்து கிடைத்த பொருள்தான் அதன் தாய்ப்பொருள். கமேலியா சினென்சிஸ் என்ற நம் தேயிலைச் செடிக்கு அந்த மரம் சிற்றப்பன் பிள்ளை முறை. அந்தப் பொருளில் இரண்டு மோர்போலின் வளையங்களை ஒட்டினால் எமோடெப்சைட். அது புழுவின் எஸ்.எல்.ஓ.-1 என்ற பொற்றாசியக் கால்வாயைத் திறந்து நரம்பையும் தசையையும் அடக்கிவிடும். பூனைகளுக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தாக ஏற்கெனவே இருக்கிறது. தன்சானியாவின் பெம்பா தீவில் சாட்டைப்புழு உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2023இல் வெளியானது: 5 மி.கி.க்கு 85 சதவீதமும் 30 மி.கி.க்கு 100 சதவீதமும் குணம். அல்பெண்டசோலுக்கு 17 சதவீதம்தான். தலைவலி, தலைச்சுற்று, பார்வை மங்கல் கொஞ்ச நேரம் வந்துபோயின. நம் உடம்பிலும் அந்தக் கால்வாய்க்கு ஓர் உறவுக்காரன் இருக்கிறான், அளவை நிதானமாக ஏற்றிப் பார்ப்பது அதனால்தான்.

கொழுந்தை மென்றால் பூச்சி போகுமா என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். போகாது. மருந்தைச் செய்தது இலையில்லை, அதில் குடியிருந்த பூஞ்சணம். அந்தப் பூஞ்சணத்தையும் இன்று தொட்டிகளில்தான் வளர்க்கிறார்கள்.